மேஜையில் ஒட்டும் மெனு: சின்ன ஓட்டலுக்கு கியூஆர் கோடு

ஓட்டலில் உட்கார்ந்தவுடன் தண்ணீர் டம்ளர் வருவதற்கு முன்பே மேஜையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் நம் கண்ணில் படுகிறது. செல்போன் கேமராவை அதன் மேல் காட்டினால் மெனு கார்டு திரையில் விரிகிறது. இதற்குப் பெரிய சாப்ட்வேர் நிறுவனம் தேவை, மாதச் சந்தா கட்ட வேண்டும் எனப் பலர் நினைக்கின்றனர். அப்படி ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இன்டர்நெட் இணைப்பும் இருந்தால், ஒரு மாலை நேரத்தில் இதனை நீங்களே தயாரித்துவிடலாம். எப்படி என்று இந்த இதழில் பார்ப்போம்.

எடுத்துக்காட்டாக, முத்துப்பேட்டை கடைத்தெருவில் எட்டு மேஜைகள் கொண்ட ஓர் ஓட்டலை மனதில் வைத்துக் கொள்வோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்பவர்கள், அலையாத்திக் காட்டைப் படகில் பார்த்துத் திரும்புபவர்கள், ஜாம்புவானோடை தர்காவுக்கு வருபவர்கள், சுற்று வட்டாரத்து விவசாயிகள் என எல்லோரும் சாப்பிட வரும் இடம். இங்கு மெனு கார்டு அச்சடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மீன், இறால், நண்டு விலை தினமும் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த நாட்களில் சில அயிட்டங்கள் கிடைக்கவே கிடைக்காது. அச்சடித்த கார்டில் விலையை அடித்து அடித்து எழுதினால் பார்க்க நன்றாக இருக்காது. விலையே போடாமல் விட்டாலோ வெளியூர்க்காரர் பில்லைப் பார்த்தவுடன் சண்டைக்கு வருவார். கியூஆர் கோடு உண்மையிலேயே பயன்படுவது இந்த இடத்தில்தான்.

தொடாத சேவை எப்படி வந்தது?

கியூஆர் கோடு 1994-ல் ஜப்பானில் பிறந்தது. டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்த டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா என்பவரும் அவருடைய குழுவினரும் இதனை வடிவமைத்தனர். கார் உதிரி பாகங்களின் பெட்டிகளைக் கணக்கெடுக்கச் சாதாரண பார்கோடு போதவில்லை. ஒரு பார்கோடில் ஏறத்தாழ 20 எழுத்துகள்தான் அடங்கும் என்பதால் ஒரே பெட்டிக்குப் பல கோடுகளைப் படிக்க வேண்டியிருந்தது. கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் 'கோ' என்ற பலகை விளையாட்டைப் பார்த்துத் தனக்கு இந்த யோசனை தோன்றியதாக ஹரா சொல்லியிருக்கிறார். டென்சோ இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தும், யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என விட்டுவிட்டது. 2000-ல் இது சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஏற்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பல வீடுகளுக்கு இது பள்ளிக்கூடம் வழியாகவே அறிமுகமானது. 2018-ல் வந்த புதிய பாடத்திட்டப் புத்தகங்களில் பாடங்களுக்கு அருகே இந்தக் கட்டங்கள் அச்சிடப்பட்டிருந்தன. ஓட்டல் மேஜைக்கு இது வந்தது கொரோனா காலத்தில். 2020 ஜூன் 4 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் ஓட்டல்களுக்கான நடைமுறைகளை வெளியிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் மெனு கார்டு, தொடாமல் ஆர்டர் எடுத்தல், டிஜிட்டல் முறையில் பணம் பெறுதல் ஆகியவற்றை அது பரிந்துரை செய்தது.

பொருட்களைத் தொடுவதால் கொரோனா பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. தொற்றுள்ள ஒரு பரப்பைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் கூறியது. எனவே இன்று இந்தக் கட்டத்தை ஒட்டக் கிருமி பயம் காரணம் ஆகாது. விலையை உடனுக்குடன் மாற்றலாம், அச்சுச் செலவு மிச்சம், சில்லறைத் தொல்லை இல்லை என்பவையே காரணங்கள். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக் கொண்டால், எங்கே கோடு வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

கட்டத்துக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கியூஆர் கோடை உற்றுப் பாருங்கள். மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக மூன்று பெரிய குறிகள் இருக்கும். அவற்றின் நடுவே எந்தத் திசையில் கோடு போட்டாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். சாதாரண அச்சுப் பக்கங்களில் இந்த விகிதம் மிக அரிதாகவே காணப்படுவதால் இதனைத் தேர்ந்தெடுத்தனர். போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் கேமரா இந்த மூன்று குறிகளை வைத்துக் கோடு எந்தப் பக்கம் இருக்கிறது எனக் கண்டுகொள்கிறது.

கோடுகளில் 40 அளவுகள் உண்டு. மிகச் சிறியது பக்கத்துக்கு 21 கட்டங்கள் கொண்டது. ஒவ்வோர் அளவுக்கும் நான்கு கட்டங்கள் கூடிக்கொண்டே போய், மிகப் பெரியதில் பக்கத்துக்கு 177 கட்டங்கள் இருக்கும். உள்ளே வைக்கும் தகவல் கூடக் கூட கட்டங்கள் நெருக்கமாகும்.

இன்னொரு வசதி பிழை திருத்தம். கோடின் மேல் குழம்பு சிந்தினாலும், ஓரம் கிழிந்தாலும் படிக்க முடியும். இதற்கு நான்கு நிலைகள் உள்ளன. எல் நிலையில் சுமார் 7 சதவீதமும், எம் நிலையில் 15 சதவீதமும், கியூ நிலையில் 25 சதவீதமும், ஹெச் நிலையில் 30 சதவீதமும் சேதமானாலும் தகவலை மீட்டுவிடலாம். சிடியில் லேசான கீறல் விழுந்தாலும் பாட்டு தடையின்றி ஓடுகிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் ரீட்-சாலமன் கணக்கு முறையே இங்கும் வேலை செய்கிறது.

மெனுவையே கோடுக்குள் வைக்கலாமா?

பலருக்கும் வரும் கேள்வி இது. இன்டர்நெட்டே வேண்டாம், மெனு முழுவதையும் கட்டத்துக்குள் வைத்துவிட்டால் என்ன? தமிழில் இது நடைமுறைக்கு ஒத்துவராது. காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

யூனிகோடில் 'இட்லி' என்ற சொல் இ, ட, புள்ளி, ல, இகரக் கொக்கி என ஐந்து குறிகளாகப் பதிவாகிறது. யுடிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ஆக 'இட்லி'க்கு 15 பைட். ஓர் அயிட்டத்தின் பெயருக்கும் விலைக்கும் சேர்த்துச் சராசரியாக 50 பைட் என்று வைத்தால், 40 அயிட்டங்களுக்கு 2,000 பைட் ஆகிவிடும். மிகப் பெரிய கியூஆர் கோடே எல் நிலையில் 2,953 பைட்தான் தாங்கும். 2,000 பைட்டுக்குப் பக்கத்துக்கு 149 கட்டங்கள் கொண்ட கோடு வேண்டும். அதனை 6 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சடித்தால் ஒரு கட்டம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. மங்கலான வெளிச்சத்தில் பழைய போன் கேமரா திணறிவிடும். அதோடு, நாளைக்கு இறால் விலை மாறினால் எட்டு மேஜைக்கும் புதிதாக அச்சடிக்க வேண்டும்.

எனவே கோடுக்குள் மெனு இருக்கும் இணைய முகவரியை மட்டும் வைக்க வேண்டும். மெனு இன்டர்நெட்டில் இருக்கட்டும். முகவரி மாறாத வரையில் கோடும் மாறாது. மெனுவை மட்டும் தினமும் மாற்றிக் கொள்ளலாம்.

பகுதி 1: மெனு தயாரித்தல்

இதற்கு கூகுள் டாக்ஸ் போதும். கட்டணம் இல்லை. போனிலும் திறந்து விலையை மாற்றலாம் என்பது கூடுதல் வசதி.

1. ஓட்டலுக்கெனத் தனியாக ஒரு கூகுள் அக்கவுண்ட் தொடங்கவும். உங்கள் சொந்த மெயில் அக்கவுண்ட்டைப் பயன்படுத்த வேண்டாம். கடைப் பையன் விலையை மாற்ற வேண்டுமானால் உங்கள் மெயில் பாஸ்வேர்டைக் கொடுக்க நேரிடும்.

2. கூகுள் டாக்ஸில் புதிய டாக்குமெண்ட் ஒன்றைத் திறக்கவும். மேலே ஓட்டலின் பெயர். அதன் கீழ் 'இன்றைய மெனு' என எழுதவும்.

3. இரண்டு பத்திகள் கொண்ட டேபிள் ஒன்றை அமைக்கவும். இடப்பக்கம் அயிட்டம், வலப்பக்கம் விலை. எழுத்தின் அளவு 18 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். படங்கள் வேண்டாம். சிக்னல் சரியாகக் கிடைக்காத இடத்தில் படங்கள் இறங்கத் தாமதமாகும்.

4. தினமும் மாறும் மீன் அயிட்டங்களை மேலே தனித் தலைப்பில் வைக்கவும். மாற்றும்போது தேடித் திரிய வேண்டியதில்லை. கடைசியில் ஜிஎஸ்டி சேர்த்த விலையா, தனியா என்பதனைத் தெளிவாக எழுதவும்.

5. 'பைல்' மெனுவில் 'ஷேர்' பிரிவில் கிளிக் செய்து, 'பப்ளிஷ் டு வெப்' என்பதனைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் 'பப்ளிஷ்' என்பதில் கிளிக் செய்தால் ஒரு முகவரி கிடைக்கும். அதனை காப்பி செய்து கொள்ளவும். டாக்குமெண்டில் மாற்றம் செய்தால் தானாகவே மறு வெளியீடு செய்யும் ஆப்ஷனில் டிக் அடையாளம் உள்ளதா எனப் பார்த்துக் கொள்ளவும்.

இனி டாக்குமெண்டில் நீங்கள் செய்யும் மாற்றம் சில நிமிடங்களில் வாடிக்கையாளரின் திரைக்குப் போய்விடும். ஒரு எச்சரிக்கை. இப்படி வெளியிடும் பக்கத்தை முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாம். எனவே சரக்குக் கணக்கு, வேலையாட்கள் சம்பளம் போன்றவற்றை அதே டாக்குமெண்டில் எழுதி வைக்காதீர்கள்.

பகுதி 2: கோடு தயாரித்தல்

கியூஆர் கோடு தயாரித்துத் தருவதாகச் சொல்லும் இணைய தளங்கள் ஏராளம். அவற்றில் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். 'டைனமிக் கோடு' என்ற பெயரில் சில தளங்கள் உங்கள் முகவரியைக் கோடுக்குள் வைப்பதில்லை. தங்கள் தளத்தின் முகவரியை வைத்து, அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பி விடுகின்றன. இலவச காலம் முடிந்ததும் பணம் கேட்பார்கள். கட்டாவிட்டால் நீங்கள் அச்சடித்து ஒட்டிய எல்லாக் கோடுகளும் ஒரே நாளில் செத்துவிடும். நமக்குத் தேவை முகவரியை நேரடியாக வைக்கும் 'ஸ்டாட்டிக்' கோடு. அதற்குக் காலாவதி என்பதே கிடையாது.

லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. 2020 ஜனவரியில் வந்த 6.4 பதிப்பில் இது சேர்க்கப்பட்டது. இன்டர்நெட் இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். செயல்முறை இதுதான்.

1. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் புதிய பைல் ஒன்றைத் திறக்கவும்.

2. 'இன்சர்ட்' மெனுவில் 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' என்பதற்குச் சென்று, 'கியூஆர் அண்ட் பார்கோட்' என்பதில் கிளிக் செய்யவும்.

3. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் முகவரிக்கான கட்டத்தில், நீங்கள் காப்பி செய்த முகவரியை பேஸ்ட் செய்யவும்.

4. பிழை திருத்தத்தில் 'மீடியம்' தேர்ந்தெடுக்கவும். ஓட்டல் மேஜைக்கு இது போதும். இதைவிட உயர்ந்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் கட்டங்கள் நெருக்கமாகும்.

5. 'பார்டர்' அல்லது 'மார்ஜின்' எனக் காட்டும் இடத்தில் 4 எனக் கொடுக்கவும். கோடைச் சுற்றி நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் இருக்க வேண்டும் என்பது விதி. பலர் அலங்காரத்துக்காக இந்த இடத்தில் பூ வேலைப்பாடு போட்டுவிடுகின்றனர். பிறகு கோடு படிக்கவில்லை என்று குழம்புகின்றனர்.

6. ஓகே கொடுத்தவுடன் கோடு பக்கத்தில் அமரும். அகலத்தை 6 சென்டிமீட்டராக அமைக்கவும். அதன் மேலே பெரிய தமிழ் எழுத்துகளில் 'மெனு பார்க்க' எனவும், கீழே மேஜை எண்ணையும் தட்டவும்.

6 சென்டிமீட்டர் ஏன்? கூகுள் டாக்ஸ் தரும் முகவரியில் 125 முதல் 130 எழுத்துகள் இருக்கும். எம் நிலையில் இதற்குப் பக்கத்துக்கு 49 கட்டங்கள் தேவை. இரு புறமும் வெள்ளை ஓரம் சேர்த்தால் 57. ஆறு சென்டிமீட்டரில் ஒரு கட்டம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கிடைக்கிறது. எந்தப் போனும் தடுமாறாது. பொதுவாக, கோடின் அகலத்தைப் போல பத்து மடங்கு தூரத்திலிருந்து அதனைப் படிக்கலாம் எனக் கணக்கு வைத்துக் கொள்ளுங்கள். 6 சென்டிமீட்டர் கோடை 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் படிக்கலாம். சுவரில் ஒட்டி இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் 20 சென்டிமீட்டர் வேண்டும்.

அச்சடிக்கும்போது வெள்ளைத் தாளில் கறுப்பு மட்டுமே பயன்படுத்தவும். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்கள் அழகாக இருந்தாலும் சில ஸ்கேனர் புரோகிராம்கள் அதனைப் படிப்பதில்லை. லேமினேட் செய்யும்போது பளபளப்பு இல்லாத ஷீட்டைக் கேளுங்கள். பளபளப்பான ஷீட்டில் டியூப் லைட் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் கட்டங்கள் மறைந்துவிடும்.

பகுதி 3: மேஜையிலிருந்தே ஆர்டர்

மெனு பார்ப்பதற்கு ஒரே கோடு எல்லா மேஜைக்கும் போதும். ஆர்டர் எடுக்க வேண்டுமானால் எந்த மேஜை என்பது தெரிய வேண்டும். எனவே மேஜைக்கு ஒன்றாக எட்டு கோடுகள் தயாரிக்க வேண்டும். இதற்கு மிக எளிய வழி வாட்ஸ்அப்.

வாட்ஸ்அப் நிறுவனம் 'டபிள்யூஏ டாட் எம்ஈ' என்ற குறுக்கு முகவரியைத் தருகிறது. அதனை அடுத்து ஒரு சாய்கோடு, பின்னர் 91 சேர்த்து ஓட்டலின் செல்போன் எண், அடுத்து கேள்விக்குறி, ஆங்கிலத்தில் டெக்ஸ்ட் என்ற சொல், சமக்குறி, கடைசியில் மேஜை அடையாளம். ஐந்தாம் மேஜைக்கு 'டி5' என ஆங்கில எழுத்தில் கொடுக்கலாம். இந்த முகவரியைக் கோடாக மாற்றி ஒட்டினால், ஸ்கேன் செய்பவரின் வாட்ஸ்அப்பில் ஓட்டலின் எண்ணுக்கான மெசேஜ் கட்டம் திறக்கும். அதில் மேஜை அடையாளம் ஏற்கனவே இருக்கும். அதன் பின்னே வேண்டியதைத் தட்டி அனுப்ப வேண்டியதுதான்.

மேஜை அடையாளத்தைத் தமிழில் கொடுக்கக் கூடாதா? கொடுக்கலாம். ஆனால் இணைய முகவரிக்குள் ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்துகளாக விரிந்துவிடும். 'மேஜை' என்ற நான்கு குறிகள் 36 எழுத்துகளாகும். 'டி5' என்றால் முகவரி முழுவதும் 40 எழுத்துக்குள் முடிந்துவிடும். கோடில் பக்கத்துக்கு 29 கட்டங்கள்தான். படிக்க மிக எளிது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த முகவரியை ஒருமுறை ஸ்கேன் செய்தவர் வீட்டிலிருந்தும் மெசேஜ் அனுப்ப முடியும். விளையாட்டுக்காக ஐந்தாம் மேஜைக்குப் பத்து பிரியாணி என அனுப்பினால் அடுப்படி குழம்பிப் போகும். எனவே சர்வர் அந்த மேஜைக்குப் போய் ஒருமுறை கேட்டு உறுதி செய்த பின்னரே ஆர்டர் உள்ளே போக வேண்டும். இரண்டு, வாடிக்கையாளரின் செல்போன் எண் உங்களிடம் வந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கு தினமும் விளம்பரம் அனுப்பத் தொடங்கினால் அவர் மறுமுறை வரமாட்டார். பில் போடுவதற்கு செல்போன் எண் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் 2023-லேயே நிறைவேறியது. இரவு கடை அடைக்கும்போது அன்றைய மெசேஜ்களை அழித்துவிடுவதே நல்ல பழக்கம்.

பகுதி 4: பணம் பெறுதல்

யூபிஐ முறையை நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. அதன் பின்னர் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கோடு ஒட்டியதில், கடை மேஜையில் நான்கைந்து ஸ்டிக்கர்கள் சேர்ந்தன. 2020 அக்டோபரில் ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு முடிவு கட்டியது. தங்கள் ஆப்பில் மட்டும் வேலை செய்யும் புதிய கோடுகளை யாரும் வெளியிடக் கூடாது, பழையவற்றை 2022 மார்ச் 31-க்குள் பொதுவான கோடுகளுக்கு மாற்ற வேண்டும் என உத்தரவிட்டது. எனவே இப்போது ஒரு யூபிஐ கோடு போதும். எந்த ஆப்பில் இருந்தும் பணம் வரும். சிங்கப்பூரில் 2018 செப்டம்பரில் எஸ்ஜிகியூஆர் என்ற பெயரில் இதே போன்ற பொதுக் கோடு வந்தது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக வரும் யூபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் வணிகரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. கோடுக்குள் இருப்பது உங்கள் யூபிஐ முகவரியும் பெயரும்தான். தேவையானால் தொகையையும் சேர்க்கலாம்.

ஏமாற்றுபவர்கள் கைவைப்பது இந்தக் கோடில்தான். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில், கடைகளிலும் ஒரு பெட்ரோல் பங்க்கிலும் ஒட்டியிருந்த கோடுகளின் மேல் இரவோடு இரவாக வேறு கோடுகளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் வாடிக்கையாளர்கள் கொடுத்த பணம் வேறு கணக்குக்குப் போனது. இரவு முழுவதும் வெளியே தொங்கும் ஸ்டிக்கர் என்றால் இந்த ஆபத்து எந்த ஊரிலும் உண்டு. கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்கவும்.

* பணம் பெறும் கோடை மேஜைகளில் ஒட்ட வேண்டாம். கல்லாவில், உங்கள் கண் பார்வையில் மட்டும் வைக்கவும். இரவு கடை மூடும்போது உள்ளே எடுத்து வைக்கவும்.

* காலையில் கடை திறந்ததும் உங்கள் போனில் ஒருமுறை ஸ்கேன் செய்து, திரையில் உங்கள் பெயர் வருகிறதா எனப் பார்க்கவும். முடிந்தால் ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கவும்.

* பணம் வந்ததற்குச் சான்று ஸ்பீக்கர் பாக்ஸின் குரல் அல்லது உங்கள் வங்கிக் கணக்கு. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன் ஷாட் சான்று ஆகாது. பணம் போனது போலவே திரை காட்டும் போலி ஆப்கள் உலவுகின்றன.

* பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையில்லை. "பணம் அனுப்பியிருக்கிறேன், இந்தக் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைத் தட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடியே.

* பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யவும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

சாப்பிடப் போகும் வாசகர்களுக்கு

கோடை ஸ்கேன் செய்யத் தனி ஆப் தேவையில்லை. ஐபோனில் 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கேமராவே இதனைப் படிக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் கேமரா அல்லது கூகுள் லென்ஸ் போதும். ஸ்கேன் செய்தவுடன் திரையில் முகவரி தோன்றும். அதனைப் படித்துப் பார்த்த பிறகே திறக்கவும். மெனு பார்ப்பதற்கு ஆப் இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ, வங்கி விவரம் அல்லது ஓடிபி கேட்டாலோ அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது. பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரைக் கல்லாவில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்த பின்னரே பின் எண்ணைத் தட்டவும்.

காகித மெனுவைத் தூக்கி எறியலாமா?

கூடாது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, எல்லோரிடமும் ஸ்மார்ட்போன் இல்லை. வயலில் இருந்து நேராகச் சாப்பிட வரும் பெரியவரிடம் பட்டன் போன் இருக்கலாம். ஸ்மார்ட்போன் இருந்தும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். டேட்டா தீர்ந்திருக்கலாம். அவரிடம் "ஸ்கேன் பண்ணிப் பாருங்கய்யா" என்று சொல்வது, "உமக்கு இங்கே சோறு இல்லை" என்று சொல்வதற்குச் சமம்.

இரண்டாவது, மின்சாரமும் சிக்னலும் நம் கையில் இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது முத்துப்பேட்டைப் பகுதியும் கடும் சேதம் கண்டது. மின்கம்பங்கள் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் செயலிழந்தன. அப்படிப்பட்ட நாட்களில்தான் வெளியில் இருந்து உதவிக்கு வருபவர்களுக்கும் ஊராருக்கும் ஓட்டல் சாப்பாடு அதிகம் தேவைப்படும். கரும்பலகையும் சாக்பீஸும் எந்தப் புயலிலும் வேலை செய்யும். கல்லாவில் கொஞ்சம் சில்லறையும் இருக்கட்டும்.

மூன்றாவது, "இன்னைக்கு எது நல்லாருக்கு?" என்ற கேள்விக்குக் கோடு பதில் சொல்லாது. அதற்கு சர்வர்தான் வேண்டும். விலை சொல்லும் வேலையைக் கோடு எடுத்துக் கொண்டால், அந்த நேரத்தில் அவர் இன்னும் இரண்டு மேஜைகளை நன்றாகக் கவனிக்கலாம். ஆளைக் குறைப்பதற்காகக் கோடு ஒட்டும் ஓட்டல் கடைசியில் வாடிக்கையாளரையும் குறைத்துக் கொள்ளும்.

எனவே எட்டு மேஜைக்கும் கோடு ஒட்டுங்கள். கூடவே இரண்டு காகித மெனு கார்டுகளையும், வாசலில் ஒரு கரும்பலகையும் வையுங்கள். காலையில் மீன் வந்ததும் கரும்பலகையில் எழுதும் அதே ஆள், அதே நேரத்தில் போனிலும் விலையை மாற்றிவிட வேண்டும். இரண்டிலும் வேறு வேறு விலை இருந்தால் கோடு வைத்ததன் பயனே போய்விடும்.

சில கூடுதல் டிப்ஸ்

* ஓட்டலுக்குள் சிக்னல் குறைவாக இருந்தால் வைபை இணைப்பின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு கியூஆர் கோடாக வைக்கலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் வைபை செட்டிங்ஸில் 'ஷேர்' என்பதனைத் தட்டினால் கோடு கிடைக்கும். கல்லாக் கம்ப்யூட்டர் இருக்கும் இணைப்பைக் கொடுக்காமல், ரவுட்டரில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு அமைத்து அதனைக் கொடுக்கவும்.

* 2022 ஜனவரி 1 முதல் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண் பில்லில் இருக்க வேண்டும். டிஜிட்டல் மெனுவின் அடியிலும் அதனை எழுதி வைத்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை கூடும்.

* கோடுகளை மொத்தமாக அச்சடிப்பதற்கு முன் ஒன்றை மட்டும் அச்சடித்து, பகல் வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும், ஒரு புதிய போனிலும் ஒரு பழைய போனிலும் சோதித்துப் பார்க்கவும்.

* மூன்று கோடுகளையும் ஒரே தாளில் நெருக்கி அச்சடிக்க வேண்டாம். மெனுவைப் படிக்கப் போன கேமரா வைபை கோடைப் படித்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு கையகல இடைவெளி விட்டு, மேலே தெளிவான தலைப்பு கொடுங்கள்.

முதலில் இரண்டு மேஜைகளில் மட்டும் ஒரு வாரம் ஒட்டிப் பாருங்கள். எத்தனை பேர் ஸ்கேன் செய்கிறார்கள், எத்தனை பேர் சர்வரைக் கூப்பிடுகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்பதனைக் குறித்துக் கொள்ளுங்கள். அதன்படி எழுத்தின் அளவையும் ஒட்டும் இடத்தையும் மாற்றிய பின் மற்ற மேஜைகளுக்கும் கொண்டு போகலாம். இதில் உங்களுக்கு ஆகும் செலவு பேப்பரும் லேமினேஷனும்தான்.